முருங்கைக்காக வீடு மாற்றியவன்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. டவுன்ஷிப்பில் ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஒரு வாசனை உண்டு. ஏதோ ஒரு வீட்டில் வதங்கும் இஞ்சி பூண்டும், ராத்திரி மழையில் நனைந்த தூசியும் சேர்ந்த வாசனை. அந்த வாசனைக்கு நடுவே, ஸ்கூட்டரை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, நான் பல வருடம் குடியிருந்த குவார்ட்டர்ஸின் மதில்சுவரை வெளியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே இருந்தவரை அந்தச் சுவர் இவ்வளவு உயரம் என்று எனக்குத் தெரியாது. கால் கட்டைவிரல்களில் நின்று, முகவாயைச் சுவர்மேல் வைத்தால்தான் உள்ளே தெரிந்தது.

நான் பார்த்தது ஒரு குச்சியை. என் மணிக்கட்டுக் கனம் இருக்கும். மேல்முனையில் சாணி உருண்டை அப்பியிருந்தது. அது துளிர்த்துவிட்டதா இல்லையா என்பதுதான் அந்தக் காலையில் என் வாழ்க்கையின் பெரிய கேள்வி. துளிர்த்திருக்கக் கூடாது என்று மனதார வேண்டிக்கொண்டிருந்தேன்.

"என்ன சார், வெளிய நிக்கீங்க? உள்ள வாங்க."

சண்முகவடிவு. இப்போது அந்த வீட்டில் இருப்பவர். கையில் கோலப்பொடி டப்பா.

"இல்லம்மா, சும்மா இந்தப் பக்கமா போனேன்."

"செவுத்துமேல தாடைய வச்சிக்கிட்டா?"

இந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 'நீங்கள் ஒரு வாரமாவது ஒரு விஷயத்தை நேராகச் சொல்லியிருக்கிறீர்களா?' என்று இந்தத் தொடரின் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. இந்த வாரமும் அப்படித்தான் ஆகப்போகிறது. பொறுத்துக்கொள்ள வேண்டும்.

உலகம் முழுக்க ஒரே அலமாரியில்

எனக்கு வேலை ஸ்டோர்ஸில். சுரங்கத்து மெஷின்களுக்கு வேண்டிய நட்டு, போல்ட்டு, பேரிங், பெல்ட்டு எல்லாவற்றுக்கும் ஒரு கோடு நம்பர், ஒரு அலமாரி, ஒரு தட்டு. பொருளைக் கண்ணால் பார்க்காமலே நம்பரை வைத்து இன்னது என்று சொல்லிவிடுவேன். சொல்லப்போனால் பொருளைப் பார்த்தால்தான் எனக்குக் குழப்பம்.

இந்தத் திறமையை வீணாக்கக் கூடாது என்று ஒரு வெப்சைட் ஆரம்பித்தேன். நெய்வேலியில் பறப்பது, ஊர்வது, நீந்துவது எல்லாவற்றையும் பட்டியல் போடுவது நோக்கம். பச்சைப் பின்னணி, மஞ்சள் எழுத்து, மேலே இறக்கையடிக்கும் ஒரு பட்டாம்பூச்சி. ஒவ்வொரு உயிருக்கும் லத்தீன் பெயர், உடல் நீளம், இறகின் அகலம், இனப்பெருக்கக் காலம். எல்லாம் புத்தகங்களைப் பார்த்து எழுதியது. ஜன்னலுக்கு வெளியே மைனா கத்தினால், மைனாவைப் பற்றி எழுதுவதற்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று ஜன்னலைச் சாத்துவேன்.

ஊரே செல்போனில் வீடியோ பார்க்கும் காலத்தில் யாரடா வெப்சைட் பார்ப்பார்கள் என்று கேட்பீர்கள். என் சைட்டின் அடியில் வருகையாளர் எண்ணிக்கை காட்டும் ஒரு கட்டம் உண்டு. அது அவ்வப்போது ஏறும். வீட்டிலிருந்து நான் பார்ப்பேன், ஆபீசிலிருந்து நான் பார்ப்பேன், கல்யாண வீடுகளில் மச்சினன் போனை வாங்கி நான் பார்ப்பேன். வெவ்வேறு இடங்களிலிருந்து ஆதரவு பெருகுவதாக அந்தக் கட்டம் எடுத்துக்கொள்ளும். நானும் எடுத்துக்கொள்வேன்.

என் மனைவி அமுதா சேத்தியாத்தோப்பில் பிறந்தவள். ஒரே ஒரு தடவை என் சைட்டைப் பார்த்தாள். "ஏங்க, இது நம்ம ரேஷன் கடை போர்டு மாதிரி இருக்குது" என்றாள். அதற்குப் பிறகு நான் காட்டவில்லை, அவளும் கேட்கவில்லை. சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தது.

ஒரு மரம், ஒரு மனுஷன்

ஒருநாள் ஷிப்ட் முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே அமுதா ஆரம்பித்தாள்.

"நம்ம டவுன்ஷிப்புல ஒருத்தரு முருங்கமரத்தப் பத்தி எழுதிகினு இருக்காராமே, தெரியுமா உங்களுக்கு? எங்க அக்கா போன் பண்ணிச்சி. அங்க அவங்க தெருவே படிச்சிகினு இருக்குதாம்."

"முருங்கையைப் பத்தி என்னா எழுதறாரு? சாம்பாரா?"

"சாம்பாரு இல்ல. மரம். அவுங்க வூட்டுப் பின்னாடி இருக்கற மரம்."

சிரித்தேன். உலகத்து உயிர்களை எல்லாம் நான் அலமாரியில் அடுக்கிக்கொண்டிருக்க, ஒரு ஆள் ஒரே ஒரு மரத்தை, அதுவும் காற்றடித்தால் கிளை முறிகிற மரத்தை, வைத்துக்கொண்டு என்ன செய்துவிட முடியும்? சிரித்துக்கொண்டே திறந்தேன். அன்று சாப்பாடு ஆறிப்போயிற்று.

வெள்ளைப் பக்கம். அலங்காரம் ஒன்றும் கிடையாது. ஒரு படம், கீழே நாலு வரி. அவ்வளவுதான். மழைக்காலத்தில் முருங்கை அடிமரத்தில் அப்பிக்கொண்டு கிடக்குமே கம்பளிப்பூச்சிக் கூட்டம், அந்தப் படம். எல்லோரும் தீப்பந்தம் எடுத்துக்கொண்டு ஓடுகிற காட்சி. இந்த ஆள் எழுதியிருந்தார்: 'இன்று விடாத மழை. எல்லாரும் ஒருத்தர் தோளில் ஒருத்தர் சாய்ந்து தூங்குகிறார்கள். நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வருகிற நம் ஆட்களைப் போல. யாரையும் எழுப்பவில்லை.'

கீழே வரிசையாகக் கருத்துகள். துபாயிலிருந்து ஒருவர். குறிஞ்சிப்பாடியில் தறி போடுகிற ஒருவர். 'நெய்ய உட்காருவதற்கு முன்னால் உங்கள் மரத்தைப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறேன்' என்று எழுதியிருந்தார். குறிஞ்சிப்பாடி என் சொந்த ஊர். என் சொந்த ஊரிலிருந்து என் சைட்டுக்கு இதுவரை வந்தது நான் ஒருவன்தான். தீபாவளிக்குப் போயிருந்தபோது.

நெஞ்சுக்கும் தொப்புளுக்கும் நடுவில் எங்கேயோ ஒரு எரிச்சல் தொடங்கியது. வடைதான் காரணம் என்று முதலில் நினைத்தேன்.

ஆள் யாரென்று விசாரித்தேன். பரமசிவம். தென்காசிப் பக்கம். என் கிரேடுதான். கன்வேயர் கண்ட்ரோல் ரூமில் வேலை. அதாவது எட்டு மணி நேரமும் ஒரே பெல்ட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அது கொஞ்சம் ஒதுங்கி ஓடினாலும், கொஞ்சம் மூச்சு வாங்கினாலும் கண்டுபிடிக்க வேண்டும். அந்த ஆளுக்கு மரம் ஒன்று கிடைத்தால் என்ன செய்வார்? பெல்ட்டைப் பார்ப்பது போலவே பார்த்துக்கொண்டிருக்கிறார். இதற்கு சம்பளம் வேறு இல்லை.

பெயர் சொல்ல விரும்பாத நண்பர்

பொறாமை என்று அதைச் சொல்லக் கூடாது, அறிவியல் அக்கறை. அந்த அக்கறையில், பெயர் போடாமல், அவர் சைட்டில் ஒரு கருத்து எழுதினேன். 'இப்பூச்சியின் அறிவியல் பெயர் குறிப்பிடப்படவில்லை. இது பெருங்குறை.'

ஐந்து நிமிடத்தில் பதில். 'தெரியலைங்க. தெரிஞ்சவங்க சொன்னா போட்டுடறேன்.'

விடுவேனா? பெயர், குடும்பம், நீளம், பருவம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரு பக்கம் அனுப்பினேன். மறுநாள் அப்படியே போட்டுவிட்டார். மேலே, 'பெயர் சொல்ல விரும்பாத நண்பர் ஒருவர் மிகுந்த அன்போடு எழுதித் தந்தது.'

அதற்குக் கீழே குறிஞ்சிப்பாடித் தறிக்காரர்: 'நல்ல நண்பர். ஆனா சார், நீங்க எழுதறதுதான் புரியுது.'

எதிரியின் வீட்டில் கல்லெறியப் போய், அந்தக் கல்லை அவன் துணி துவைக்கப் போட்டுக்கொண்ட கதை. அன்றிலிருந்து ஒரே முடிவுக்கு வந்தேன். பரமசிவத்திடம் தனியாக ஒன்றும் இல்லை. எல்லாம் அந்த மரம். அந்த மரம் என் வீட்டில் இருந்தால் நானும் எழுதுவேன்.

என் வீட்டில் என்ன இருந்தது? மதில் ஓரத்தில் ஒரு காய்ந்த செம்பருத்தி. வேறு ஒன்றும் இல்லை.

கையெழுத்து

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் டவுன்ஷிப்பில் வீடு யாருக்கும் சொந்தமில்லை, குவார்ட்டர்ஸ். ஆனால் ஒரே கிரேடில் இருக்கிற இரண்டு பேர் மனமொத்து, உன் வீட்டுக்கு நான் வருகிறேன், என் வீட்டுக்கு நீ போ என்று எழுதிக் கொடுத்தால் ஆபீசில் மாற்றிக் கொடுப்பார்கள். இதற்கு மியூச்சுவல் என்று பெயர். ஒருமுறை மாறினால் சில வருடங்களுக்கு மறுபடி வாயைத் திறக்கக் கூடாது.

வீடு மாறும்போது நாம் மாட்டிய ஃபேன், கொசுவலைக் கதவு, ஷவர், கர்ட்டன் கம்பி எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போகலாம். குழாயைக்கூடக் கழற்றுகிற புண்ணியவான்கள் உண்டு. மரத்தை மட்டும் யாரும் தொடுவதில்லை. எந்த ஊர்க்காரன் நட்டாலும் மரம் வீட்டோடுதான். அது எழுதாத சட்டம்.

கம்பெனி பஸ்ஸில் முன் சீட்டில் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. பரமசிவம் மியூச்சுவல் தேடுகிறாராம். மகள் பன்னிரண்டாவது, ட்யூஷன் எங்கள் தெருவில்.

அன்று சாயங்காலமே அவர் வீட்டு வாசலில் நின்றேன். என்னுடையது கார்னர் குவார்ட்டர்ஸ். இரண்டு பக்கம் காலி இடம், மார்க்கெட் பக்கம், பஸ் ஸ்டாப் பக்கம். அவருடையது வரிசையின் நடுவில், சுரங்கத்துப் பக்கம். காலையில் துடைத்த ஜன்னல் கட்டையில் மத்தியானம் பெயர் எழுதலாம், அவ்வளவு தூசி. இந்த இரண்டையும் மாற்றிக்கொள்கிறேன் என்று ஒருவன் போய் நின்றால் யாருக்கும் சந்தேகம் வரும்.

பரமசிவத்துக்கு வரவில்லை. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"என் மக படிப்புக்காக இப்படி ஒரு வீட்ட விட்டுத் தாறீங்களே சார். இந்தக் காலத்துல யாரு சார் செய்வா?"

"அதுக்கென்ன பரமசிவம்" என்றேன். என் கண், அவர் தோளுக்கு மேலே, கொல்லைப் பக்கத்து முருங்கையில் இருந்தது.

வீட்டில் அமுதா அவ்வளவு எளிதாக விடவில்லை.

"கார்னர் வூட்ட விட்டுட்டு அங்க போறதா? அங்க துணி காயப்போட்டா கருப்பாத்தான் திரும்பி வரும். எதுக்குங்க?"

"காத்தோட்டம்."

"இங்க இருக்கற காத்து போதலயா? உண்மையச் சொல்லுங்க. அந்த மரத்துக்குத்தானே?"

கல்யாணம் ஆகி இத்தனை வருடத்துக்குப் பிறகு பொய் சொல்வதில் சிக்கனம் வந்துவிடுகிறது. தலையாட்டினேன்.

"முருங்கக்கா மார்க்கெட்டுல விக்கிதுங்க" என்றாள். ஆனாலும் கையெழுத்துப் போட விட்டாள். பின்னாளில் சொல்லிக்காட்ட ஒரு பெரிய விஷயம் கைவசம் இருப்பது அவளுக்கும் வேண்டியிருந்தது.

"அங்க ஒண்ணும் இல்ல"

மாறிய அன்று வெயில் கொளுத்தியது. இரண்டு குட்டி லாரிகள். வாட்டர் டேங்க் பக்கத்துத் திருப்பத்தில் என் பீரோ அவர் கட்டிலைக் கடந்து போனது.

பரமசிவம் சாவியைக் கொடுத்துவிட்டு உடனே கிளம்பவில்லை. மரத்தடிக்கு அழைத்துக்கொண்டு போனார். "இந்தா, இந்தத் தெக்குக் கிளையிலதான் தேன்சிட்டு முதல்ல உக்காரும். அப்புறம்தான் மத்த பூவுக்குப் போவும். இந்தப் பொந்துல எறும்பு இருக்கு, கை வைக்காதீங்க. மழை ஆரம்பிச்சா கம்பளிப்பூச்சி வடக்கு முகமாத்தான் இறங்கும்." பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் அப்பாவின் குரல். நான் மாப்பிள்ளை வீட்டாரின் அவசரத்தோடு சரி, சரி என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது கேட்டார். "அங்க உங்க வீட்ல என்னென்ன இருக்கு சார்? நான் பாத்துக்கணும்னா?"

"அங்க ஒண்ணும் இல்ல பரமசிவம். பல்லிதான்."

அவர் முகம் கொஞ்சம் வாடியது. எனக்குக் கொஞ்சம் குளிர்ந்தது.

மறுநாளே என் சைட்டில் முருங்கைக்குத் தனிப் பக்கம் திறந்தேன். புதுக் கேமரா. கிளைக்குக் கிளை நம்பர். தேன்சிட்டு தெற்குக் கிளையில் உட்கார்ந்ததை அலகின் நீளம் உட்பட எழுதினேன். காத்திருந்தேன். பல நாள் கழித்து ஒரு கருத்து வந்தது. என் சைட்டின் முதல் கருத்து. உடனே திறந்தேன்.

'இது பரமசிவம் சார் வீட்டு முருங்கை மாதிரியே இருக்கே. அவர் சௌக்கியமா இருக்காரா?'

அரிப்பு

மழை ஆரம்பித்தது. சொன்ன மாதிரியே வடக்கு முகமாக இறங்கினார்கள். அடிமரமே தெரியாமல் ரோமம். நான் பரவசத்தில் படமெடுத்தேன். அவர்கள் துணிக்கொடிக்கும் வந்தார்கள். என் பனியனுக்கும் வந்தார்கள்.

அமுதாவின் ஒரு கையில் துடைப்பத்தின் நுனியில் சுற்றிய துணி, இன்னொரு கையில் மண்ணெண்ணெய். "நகருங்க."

"அமுதா, வேணாம். அவங்க தூங்கறாங்க."

"அது அவுரு எழுதினது. நீங்க உங்க கழுத்தப் பாருங்க."

கழுத்து இட்லி மாதிரி வீங்கியிருந்தது. மண்ணெண்ணெயைப் பிடுங்கி ஒளித்துவைத்துவிட்டு டவுன்ஷிப் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஊசி போட்டுவிட்டு நர்ஸ் பெண் அரை மணி நேரம் உட்காரச் சொன்னாள். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா?"

"ஒருத்தரு அவரு வூட்டப் பத்தி எழுதறாரு சார். ரொம்ப நல்லாருக்கும். பாருங்க."

வெள்ளைப் பக்கம்.

மரம் போனதோடு அந்த சைட் முடிந்தது என்று நினைத்து நான் அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன். முடியவில்லை. இப்படி ஆரம்பித்திருந்தது:

'இந்த வீட்டில் எங்களுக்கு முன்னால் இருந்த சாரிடம், இங்கே என்னென்ன இருக்கிறது என்று கேட்டேன். ஒன்றும் இல்லை, பல்லிதான் என்றார். நல்லதாயிற்று. பல்லியிலிருந்தே ஆரம்பிக்கலாம்.'

ட்யூப்லைட்டுக்குப் பின்னால் வாலறுந்த ஒரு பல்லி. திருகு துருப்பிடித்ததால் நான் கழற்ற முடியாமல் விட்டுவந்த ட்யூப்லைட். 'பீரோவை நகர்த்தும்போது அறுந்திருக்கும் போல. பெரிதாகக் கோபம் இல்லை. வேலையைப் பார்க்கிறது.' குளியலறை வெண்டிலேட்டரில் குளவி கட்டிய மண் சட்டிகள். துவைக்கும் கல்லுக்கு அடியில் குடும்பத்தோடு அரணை. வாட்டர் மீட்டர் குழிக்குள் ஒரு தவளை; மோட்டார் போட்டால் பாடுமாம்.

அப்புறம் என் சின்ன அறை. 'கம்ப்யூட்டர் மேசை இருந்த இடத்தில் சுவர் மட்டும் மங்காமல் இருக்கிறது. அதன் ஓரத்தில் ஒரு சிலந்தி. பழைய வலைகள் அடுக்கடுக்காக இருப்பதைப் பார்த்தால் பல தலைமுறையாக இங்கேதான் போல. காண்ட்ராக்ட் இல்லை, பெர்மனெண்ட் குடும்பம்.'

சிலந்திகளைப் பற்றி அந்த மேசையில் உட்கார்ந்துதான் நான் எழுதினேன். முப்பதுக்கு மேற்பட்ட வகைகள். புத்தகத்தைப் பார்த்து.

"அந்தப் பழைய வூட்டுக்காரரு யாருன்னுதான் தெரியல சார்" என்றாள் நர்ஸ். "பாவம், ஒண்ணுமே பாக்காம இருந்துட்டுப் போயிருக்காரு."

"பாவம்தான்" என்றேன், கழுத்தைச் சொறிந்தபடி.

அடுத்தவன் வீட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்டவர்கள் உண்டு. அடுத்தவன் சம்பளம், அடுத்தவன் கார், அடுத்தவன் பிள்ளையின் மார்க் எல்லாவற்றுக்கும் ஆள் உண்டு. தன்னுடைய சொந்தப் பல்லியை நினைத்து ஊசி போட்ட கையோடு உட்கார்ந்து வெந்துபோனவன் நெய்வேலியில் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

காற்று

மழைக்காலத்தின் கடைசியில் கடலூர்ப் பக்கம் கரையேறிய ஒரு புயலின் வால் எங்களையும் தொட்டுப் போனது. மத்தியானம் படார் என்று ஒரு சத்தம். முருங்கை இடுப்பளவு அடிக்கட்டையை விட்டுவிட்டு, துணிக்கொடியின்மேல் படுத்திருந்தது. உள்ளே வெறும் நார். பூவெல்லாம் சேற்றில்.

இதைப் பரமசிவத்திடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் பழைய படங்களைப் போட்டு ஒப்பேற்றலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அமுதா பரமசிவத்தின் மனைவி வடிவுக்குப் போன் பண்ணிவிட்டாள்.

பரமசிவம் மழையோடு வந்தார். விழுந்த மரத்தின்மேல் கை வைத்துக்கொண்டு நின்றார். நான் குடையை அவருக்கும் மரத்துக்கும் பொதுவாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நேரத்தில் மட்டும் எனக்கு எரிச்சல் இல்லை. சத்தியமாக இல்லை.

பிறகு கேட்டார். "சார், நான் ஒரு போத்து வெட்டிக்கலாமா?"

போத்து என்றால் நடுவதற்காக வெட்டுகிற கிளைத்துண்டு. முருங்கை அப்படித்தான் பிழைக்கும். எரிச்சல் திரும்பி வந்துவிட்டது. மரம் வீட்டோடு என்பது சட்டமில்லையா?

"வெட்டிக்குங்க சார், இன்னா இருக்குது" என்று நான் வாயைத் திறப்பதற்குள் அமுதா அரிவாளையே கொண்டுவந்து கொடுத்தாள்.

தெற்குக் கிளையைத்தான் வெட்டினார். தேன்சிட்டு முதலில் உட்காருகிற கிளை. தோளில் சாய்த்துக்கொண்டு, ஸ்கூட்டரில் ஏறும்போது லேசாகச் சிரித்தார்.

"கட்டை உங்களுக்கு, போத்து எனக்கு. எது முதல்ல துளிர்க்குதுன்னு பாப்போம்."

அவர் விளையாட்டாகச் சொன்னார் என்று அமுதா இன்றும் சொல்கிறாள். எனக்கு அப்படிக் கேட்கவில்லை. அன்று முதல் அடிக்கட்டைக்கு எரு, கடலைப் புண்ணாக்கு, மோர். தினமும் காலையில் பின் வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து முறிந்த உச்சியையே பார்த்துக்கொண்டிருப்பேன். அது நேற்று இருந்த மாதிரியே இருக்கும். நான்தான் இளைத்தேன்.

மறுபடியும் மதில்சுவர்

இப்படியாக அந்த ஞாயிற்றுக்கிழமை. சுவர்மேல் என் முகவாய்.

"பரமசிவம் இல்லையாம்மா?"

"வாக்கிங் போயிருக்காக சார். இப்பல்லாம் நித்தமும் போறாக. ஸ்கூட்டர எடுத்துக்கிட்டு என்ன வாக்கிங்கோ, எனக்குத் தெரியல. இருங்க, டீ போடுதேன்."

வடிவு உள்ளே போனார். நான் இன்னும் கொஞ்சம் எம்பி, குனிந்து, செங்குத்தாகக் கீழே பார்த்தேன். போத்தை மதிலை ஒட்டி நட்டிருந்தார்கள். மதிலைப் பார்த்த பக்கத்தில், வீட்டுக்குள்ளிருந்து என்ன எட்டினாலும் தெரியாத பக்கத்தில், பட்டையைக் கிழித்துக்கொண்டு இரண்டு பச்சைப் புள்ளிகள். பச்சைப்பயறு அளவு.

வயிற்றில் அந்தப் பழைய இடம் பற்றிக்கொண்டது. தோற்றுவிட்டேன். ஆனால் கை தானாகவே போனை எடுத்துப் படம் பிடித்தது. டீயைச் சுடச்சுட வாயில் ஊற்றிக்கொண்டு கிளம்பினேன். வடிவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வாட்டர் டேங்க் பக்கத்துத் திருப்பத்தில், அன்று லாரிகள் கடந்த அதே இடத்தில், எதிரே ஸ்கூட்டரில் பரமசிவம். செருப்பெல்லாம் சேறு.

"என்ன சார் இந்தப் பக்கம்?"

"மார்க்கெட்டுக்கு."

"பை இல்லையே?"

"மறந்துட்டேன். நீங்க?"

"வாக்கிங் சார்."

"ஸ்கூட்டர்லயா?"

அவர் சட்டைப் பையில் இருந்த போனை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். நானும் என்னுடையதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். இருவரும் தலையாட்டிவிட்டுப் போய்விட்டோம்.

வீட்டு வாசலிலேயே அமுதா பிடித்துக்கொண்டாள். "பரமசிவம் சார் வந்திருந்தாரு. உள்ள வாங்கன்னா வரல. கட்டையவே சுத்திகினு இருந்தாரு. அப்பறம் குனிஞ்சி போட்டோ புடிச்சாரு. மூஞ்சி ஒரு மாதிரி ஆயிட்டுது. காபியக்கூட பாதி வச்சிட்டுப் போயிட்டாரு."

கொல்லைக்கு ஓடினேன். உச்சியில் ஒன்றும் இல்லை. குனிந்தேன். கட்டையின் பின்பக்கம், அடியில், துணி துவைத்த சோப்புத் தண்ணீர் ஓடுகிற இடத்தில், விரல் நீளத்துக்கு ஒரு துளிர். இலையே விட்டிருந்தது. பல நாள் ஆகியிருக்க வேண்டும். என் மோருக்கும் புண்ணாக்குக்கும் அது எந்த வகையிலும் கடமைப்பட்டதாகத் தெரியவில்லை.

கம்ப்யூட்டரைத் திறப்பதற்குள் அவர் போட்டுவிட்டிருந்தார். என் வீட்டுத் துளிர், அவர் சைட்டில். 'பழைய வீட்டுக் கட்டை முந்திக்கொண்டது. என் போத்து இன்னும் குச்சிதான். அந்த சார் கொடுத்துவைத்தவர்.' கீழே ஊரே வாழ்த்திக்கொண்டிருந்தது. பரமசிவத்தை.

உட்கார்ந்தேன். என் பச்சைப் பின்னணியில் அந்த இரண்டு புள்ளிகளின் படத்தைப் போட்டேன். லத்தீன் பெயர் தட்ட விரல் போனது. இழுத்துக்கொண்டேன். 'பரமசிவத்தின் போத்து துளிர்த்துவிட்டது. தெருவில் நின்று, சுவர்மேல் தாடையை வைத்துக் குனிந்து பார்த்தால் தெரியும்' என்று மட்டும் எழுதினேன். நீளம், அகலம் ஒன்றும் இல்லை.

சாயங்காலம் ஒரே ஒரு கருத்து. படித்துவிட்டு அமுதாவைக் கூப்பிட்டேன். மாவுக் கையோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"சத்தமாப் படி."

"'சார், ரெண்டு வேளையும் பாக்கேன், தண்ணி ஊத்துதேன். இது என் கண்ணுல படலையே! வெளியில நின்ன உங்க கண்ணுல பட்டிருக்கு. வயிறு எரியுது சார். பரமசிவம்.'"

"கடைசி வரிய இன்னொரு தடவ படி."

"உங்களுக்கு வேற வேலையே இல்லையா?"

"படி அமுதா."

"வயிறு எரியுது சார்."

வெகு நாளைக்குப் பிறகு அன்றுதான் எனக்கு நன்றாகப் பசித்தது.